ஹைட்ரஜனின் நான்கு கோடுகள்: பாமர் முதல் லேம்ப் வரை அணு அமைப்புக் கொள்கையின் வரலாறு

அணு அமைப்பின் வரலாற்றைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம்: டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர், கடைசியில் ஷ்ரோடிங்கர். பின்னால் வந்தவர் முன்னவரின் பிழையைச் சோதனையால் கண்டறிந்து திருத்தினார் என்பதுதான் அந்த வரிசை நம் மனத்தில் பதிய வைக்கும் எண்ணம். மூலக் கட்டுரைகளையும் கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது அத்தனை நேரானதல்ல. 1885 முதல் 1947 வரை, அணுவைப் பற்றிய ஒவ்வொரு கற்பனையையும் உரசிப் பார்த்த உரைகல் ஹைட்ரஜனின் நிறமாலைதான். அந்த உரைகல்லிலும் குறைந்தது இரண்டு முறை போலிப் பொன் தேறியிருக்கிறது. தவறான படம் சரியான எண்ணைக் கொடுத்த அந்தச் சந்தர்ப்பங்களைப் பாடநூல்கள் கடந்துபோய்விடுகின்றன. குவாண்டம் இயக்கவியல் ஏன் அப்படிப் பிறந்தது என்பதற்கான விடை அவற்றில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பாசலில் ஒரு பள்ளி ஆசிரியர்

கண்ணாடிக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால் வானவில் தெரியாது. கருமைக்கு நடுவே சிவப்பில் ஒரு கோடு, நீலப்பச்சையில் ஒன்று, ஊதாப் பக்கம் இரண்டு. தனிமம் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு என்பதை ஹைடல்பர்க்கில் கிர்க்காஃபும் புன்சனும் 1860ஐ ஒட்டி நிறுவிவிட்டார்கள். ஹைட்ரஜனின் நான்கு கோடுகளையும் ஸ்வீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரம் துல்லியமாக அளந்தார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கிய அலகில் அவற்றின் அலைநீளங்கள்: 6562.10, 4860.74, 4340.1, 4101.2.

இந்த நான்கு எண்களுக்குள் ஒழுங்கைக் கண்டவர் இயற்பியலாளர் அல்லர். யோஹான் யாக்கோப் பாமர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். விவிலியத்தில் எசேக்கியேல் காட்சியாகக் கண்ட ஆலயத்தைப் பற்றி நூலே எழுதிய அளவுக்கு விகிதங்களில் பித்து. 1885ல், தம் அறுபதாம் வயதில், 3645.6 என்ற ஒற்றை எண்ணை 9/5, 16/12, 25/21, 36/32 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் நான்கு அலைநீளங்களும் கிடைக்கின்றன என்று காட்டினார். மேலே இருப்பவை 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள். கீழே இருப்பவை அதே வர்க்கங்களில் 4 குறைந்தவை. பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 6562.08, இரண்டாவது 4860.8. அளவீட்டுக்கும் கணக்குக்கும் இடையிலான வேறுபாடு 40,000ல் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

அடுத்த பின்னமான 49/45ஐக் கொண்டு ஐந்தாவது கோடு ஒன்று இருக்கவேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார். அது மட்டுமல்ல, விண்மீன்களின் ஒளியில் புற ஊதாப் பகுதியில் இன்னும் பல கோடுகள் ஏற்கெனவே அளக்கப்பட்டிருக்கின்றன என்று பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாகன்பாக் அவருக்குத் தெரிவித்தார். அவையும் சூத்திரத்துக்குள் அடங்கின. பின்னர் லுண்ட் நகரின் ரைட்பெர்க் அலைநீளத்தைத் தலைகீழாக்கி, கோடு என்பது இரண்டு உறுப்புகளின் கழித்தல் என்ற வடிவத்துக்குச் சூத்திரத்தைக் கொண்டுவந்தார். 1908ல் ரிட்ஸ் அதையே பொது விதியாக்கினார். என்ன கழிகிறது, எதிலிருந்து எது கழிகிறது என்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அந்த நிலை பாமருக்குப் பின் 28 ஆண்டுகள் நீடித்தது.

கரு வந்தது, கோடுகள் வரவில்லை

1897ல் எலக்ட்ரான் அடையாளம் காணப்பட்டது. 1909ல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களை உலோகத் தகடுகளின் மீது செலுத்தியபோது, பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8000 துகள்களுக்கு ஒன்று வந்த வழியே திரும்பியது. 1911ல் ரூதர்ஃபோர்டு இதிலிருந்து அணுக்கருவைப் பெற்றார். இது பலரும் எழுதிய கதை. இங்கே விரிக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அதன் குறை. கருவைச் சுற்றிவரும் எலக்ட்ரான், மாக்ஸ்வெல்லின் விதிப்படி, ஒளியை உமிழ்ந்துகொண்டே ஆற்றல் இழந்து கருவில் விழவேண்டும். ஒரு வினாடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட அணு தாங்காது. விழும்போது உமிழும் ஒளியும் தொடர்ச்சியாகவே இருக்கும். தனிக்கோடுகளுக்கு அதில் இடமில்லை.

நீல்ஸ் போர் 1912ல் மான்செஸ்டருக்கு வந்தபோது நிறமாலை அவர் கவனத்தில் இல்லை. அந்தக் கோடையில் ரூதர்ஃபோர்டுக்காக எழுதிய குறிப்பில் அணுக்களின் நிலைத்தன்மையும் மூலக்கூறுகளும் பேசப்படுகின்றன, நிறமாலை இல்லை. வண்ணத்துப்பூச்சியின் சிறகு நிறத்தை வைத்து உயிரியலின் அடிப்படையைத் தேட முடியாது என்பதுபோலத்தான் அன்று நிறமாலையை எல்லாரும் எண்ணியிருந்தோம் என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1913 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் நிறமாலை ஆய்வாளர் ஹான்சன் பாமரின் சூத்திரத்தைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. மார்ச் 6ஆம் தேதி கட்டுரை ரூதர்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. கோண உந்தம், 2π ஆல் வகுத்த பிளாங்க் மாறிலியின் முழு எண் மடங்குகளில் மட்டுமே வரும் என்ற எண்ணத்தை ஆங்கிலேயர் நிக்கல்சன் 1912லேயே முன்வைத்திருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

போரின் உண்மையான துணிவு வட்டப்பாதைகளில் இல்லை. உமிழப்படும் ஒளியின் அதிர்வெண்ணுக்கும் எலக்ட்ரான் சுற்றும் அதிர்வெண்ணுக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்றதில் இருக்கிறது. ஒளியின் அதிர்வெண்ணை நிர்ணயிப்பது இரண்டு ஆற்றல் நிலைகளின் வேறுபாடு. ரைட்பெர்க்கின் கழித்தலுக்குப் பொருள் கிடைத்தது. எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றைக் கொண்டே ரைட்பெர்க் மாறிலியை அவர் கணக்கிட்டார். அதிர்வெண்ணாக எழுதினால், கணக்கில் வந்தது 3.1ஐ 10இன் 15ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை, அளவீடு 3.29. அன்றைய மாறிலிகளின் நம்பகத்தன்மைக்கு அது நல்ல பொருத்தம்.

மார்ச் 20ஆம் தேதி ரூதர்ஃபோர்டு எழுதிய பதிலில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எலக்ட்ரான், எங்கே நிற்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால்தானே எந்த அதிர்வெண்ணில் உமிழ்வது என்று முடிவுசெய்ய முடியும்? போரிடம் பதில் இல்லை. கட்டுரை நீளம் என்றும் ரூதர்ஃபோர்டு குறைப்பட்டார். போர் நேரே மான்செஸ்டருக்குப் போய் வாதாடி, ஒவ்வொரு பத்தியையும் காப்பாற்றிக்கொண்டு வந்தார். ஜூலையில் கட்டுரை வெளிவந்தது.

ஒரு விண்மீனின் வழக்கு

போரின் கொள்கையை ஐயப்பட்டவர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது ஹைட்ரஜன் அல்ல, ஹீலியம். 1896ல் ஹார்வர்டின் பிக்கரிங், ஸீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் ஒளியில் பாமர் தொடரை ஒத்த, ஆனால் முழு எண்களுக்குப் பதில் அரை எண்கள் வேண்டிய கோடுகளைக் கண்டிருந்தார். அவை ஹைட்ரஜனின் கோடுகளே என்று எல்லாரும் நம்பினார்கள். 1912ல் லண்டனில் ஃபௌலர், ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் அத்தகைய கோடுகளை உண்டாக்கியும் காட்டினார்.

இவை ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகள் என்றார் போர். கருவின் மின்னூட்டம் இரண்டு. எனவே மாறிலி நான்கு மடங்கு. அரை எண்கள் தாமாகவே முழு எண்களாகிவிடும். மான்செஸ்டரில் எவான்ஸ் ஹைட்ரஜன் கோடுகள் தென்படாத ஹீலியக் குழாயில் அதே கோடுகளைப் பெற்றார். ஃபௌலர் விடவில்லை. அளந்து பார்த்தால் விகிதம் சரியாக நான்கு இல்லையே என்றார். இயற்பியல் வரலாற்றில் எதிர்ப்பு ஒன்று இவ்வளவு விரைவாக ஆதாரமாக மாறியது அரிது. கருவும் அசையும், அதற்கும் நிறை உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்ட போர், விகிதம் 4.00163 இருக்கவேண்டும் என்றார். ஃபௌலரின் அளவீடு 4.0016. அதற்கு முன்பே, 1913 செப்டம்பரில் வியன்னாவில், அந்தக் கோடுகள் ஹீலியத்துடையவை என்று உறுதியானதை ஹெவெசி சொன்னபோது, மாபெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று ஐன்ஸ்டைன் பாராட்டினார்.

தவறான படத்துக்குச் சரியான எண்

ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு உண்மையில் ஒற்றைக் கோடல்ல, மிக நெருங்கிய இரட்டை என்று மைக்கல்சனும் மார்லியும் 1887லேயே கண்டிருந்தார்கள். 1916ல் மியூனிக்கில் சோமர்ஃபெல்டு இதற்கு விளக்கம் தந்தார். பாதை வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, நீள்வட்டமாகவும் இருக்கலாம். நீள்வட்டத்தில் கருவை நெருங்கும்போது எலக்ட்ரானின் வேகம் கூடும், ஐன்ஸ்டைனின் சார்பியல்படி அதன் நிறையும் கூடும், ஆற்றல் சற்றே மாறும். ஏறத்தாழ 137இல் ஒரு பங்கான அந்தப் புகழ்பெற்ற மாறிலி இயற்பியலுக்குள் நுழைந்தது இந்தக் கணக்கின் வழியேதான். பாஷன் ஹீலிய அயனியின் கோடுகளை அளந்து கணக்கு பொருந்துவதாக அறிவித்தார். எலக்ட்ரான் நீள்வட்டத்தில் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கும் நிலை வந்தது.

எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பது சோமர்ஃபெல்டுக்குத் தெரியாது. நீள்வட்டமும் கிடையாது. இந்த இரண்டு குறைகளும் ஹைட்ரஜனில் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்துவிட்டன. அவருடைய சூத்திரம் தரும் ஆற்றல் நிலைகள் 1928ல் டிராக்கின் சமன்பாடு தந்தவையேதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தற்செயல் என்று சொல்ல நாக்கூசும் அளவுக்குத் தற்செயல்.

இரண்டாவது சந்தர்ப்பம் 1922. பிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் உலையில் ஆவியாக்கிய வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பிக் கண்ணாடித் தகட்டில் பிடித்தார்கள். சோதனைக்குள்ளாகியிருந்தது சோமர்ஃபெல்டின் கொள்கை: பாதைகளின் தளம் வெளியில் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டுமே அமையும் என்பது. தகட்டில் படிந்த வெள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. ஸ்டெர்ன் பிற்காலத்தில் சொன்ன கதைப்படி, அவர் புகைத்த மலிவான சுருட்டின் கந்தகப் புகை பட்டு அது கறுத்துத் தெரிந்தது. கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பிப்ரவரி 8ஆம் தேதி கெர்லாக் அதன் படத்தை அஞ்சலட்டையில் ஒட்டி, கொள்கை மெய்ப்பட்டதென்று போருக்கு வாழ்த்து அனுப்பினார்.

மெய்ப்பட்டது அந்தக் கொள்கை அல்ல. வெள்ளி அணுவில் அந்தப் பிரிவை உண்டாக்கும் எலக்ட்ரானுக்குப் பாதையைச் சார்ந்த கோண உந்தமே இல்லை, பிரித்தது தற்சுழற்சி. அதை ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் லைடனில் முன்மொழிந்தது 1925ல்தான். 1927ல் ஃபிப்ஸும் டெய்லரும் அதே சோதனையை ஹைட்ரஜன் அணுக்களைக் கொண்டு செய்தபோதும் கற்றை இரண்டாகவே பிரிந்தது.

பாதை போய் அலை

பழைய கொள்கையை வீழ்த்தியது ஹைட்ரஜன் அல்ல. அங்கே அது வென்றுகொண்டே இருந்தது. இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியத்தில் அது தடுமாறி விழுந்தது. 1923ல் பார்னும் ஹைசன்பர்க்கும் முயன்று, கணக்கு அளவீட்டுடன் ஒட்டவே இல்லை என்று கண்டார்கள். பாதைகளையே கைவிட்டு, அளக்கக்கூடிய அதிர்வெண்களையும் செறிவுகளையும் மட்டும் வைத்துக் கணக்கு செய்யலாம் என்று 1925 ஜூனில் ஹைசன்பர்க் முடிவுக்கு வந்ததற்கு இந்தத் தோல்வி முக்கியக் காரணம். அந்த அணி இயக்கவியலைக் கொண்டு பௌலி 1926 ஜனவரியில் பாமர் சூத்திரத்தைத் தருவித்தார். அதே மாதம் 27ஆம் தேதி ஷ்ரோடிங்கரின் முதல் கட்டுரையும் இதழுக்கு வந்துசேர்ந்தது; அதிலும் அதே சூத்திரம், ஆனால் எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்ற டி பிராய்லியின் கருத்திலிருந்து.

இங்கே பெரும்பாலான அறிமுக நூல்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று. ஷ்ரோடிங்கர் முதலில் எழுதியது இன்று அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு அல்ல. சார்பியலை உள்ளடக்கிய இன்னொன்றை அவர் எழுதி ஹைட்ரஜனுக்குத் தீர்வும் கண்டார். கோட்டின் நுண்பிரிவு தவறாக வந்தது. சோமர்ஃபெல்டின் எண் வரவில்லை. எனவே அதை ஒதுக்கிவிட்டு, சார்பியல் இல்லாத எளிய வடிவத்தை வெளியிட்டார். அவரது முதல் சமன்பாட்டில் பிழை இல்லை; தற்சுழற்சி இல்லாத துகளுக்கு அது சரியானதே. தற்செயலாக அமைந்த ஒரு பொருத்தம், பத்தாண்டு கழித்து இன்னொருவர் எதை வெளியிடலாம் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. இதை நான் இந்த வரலாற்றின் மையமான நிகழ்வாகக் கருதுகிறேன்.

அலை எதன் அலை என்பதற்கு 1926 கோடையில் பார்ன் விடை சொன்னார்: அலைச் சார்பின் வர்க்கம், எலக்ட்ரான் ஓரிடத்தில் அகப்படும் நிகழ்தகவு. போரின் வட்டத்தில் ஹைட்ரஜனின் அடிநிலைக்குக் கோண உந்தம் ஓர் அலகு. ஷ்ரோடிங்கரில் அது சுழியம். ஆற்றல் மட்டும் இரண்டிலும் ஒன்று.

இந்த மாற்றத்தின் வேகத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று சென்னையில் நடந்தது. 1928ல் சோமர்ஃபெல்டு இந்தியா வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய சோமர்ஃபெல்டின் நூலை ஊன்றிப் படித்திருந்த மாணவர் அவர். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று நூலாசிரியரே சொன்னார். முதற்பதிப்பு 1919ல் வந்த நூல் அது. உலோகங்களில் எலக்ட்ரான்களைப் புதிய புள்ளியியலால் விளக்கும் தம் கட்டுரையின் அச்சுப்படிகளையும் கொடுத்தார். அந்தப் புதிய புள்ளியியலை வைத்துச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை மறு ஆண்டே ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

டிராக்கின் சமன்பாட்டோடு ஹைட்ரஜன் கணக்கு முடிந்துவிட்டதாகவே பலர் எண்ணினார்கள். சோமர்ஃபெல்டு, டிராக் இருவரின் கணக்கிலும் ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தில் குறிப்பிட்ட இரண்டு நிலைகளுக்கு ஆற்றல் ஒன்றே. 1947ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லேம்பும் ரெதர்ஃபோர்டும், போர்க்கால ரேடாரால் வளர்ந்த நுண்ணலை நுட்பத்தைக் கொண்டு, அவற்றுக்கிடையே சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியைக் கண்டார்கள். இன்றைய மதிப்பு 1057ஐ ஒட்டியது. அந்த ஜூனில் ஷெல்டர் தீவில் நடந்த கூட்டத்தில் இதைக் கேட்ட ஹான்ஸ் பெத்தே, அங்கிருந்து திரும்பியபோது ரயிலில் உட்கார்ந்து, எலக்ட்ரான் தன்னுடைய மின்காந்தப் புலத்துடனேயே வினைபுரிவதைக் கணக்கில் கொண்டார். 1040 மெகாஹெர்ட்ஸ் வந்தது. சார்பியல் இல்லாத கணக்கு அது. முடிவிலிக்கு ஓடும் தொகையை ஓர் எல்லையில் கையால் வெட்டி நிறுத்தியது. எண் பொருந்தியும் அதோடு யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. சார்பியலை முழுமையாக உள்ளடக்கிய கணக்குகள் வெளிவர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.