உரலும் மாதிரியும்: கொல்லிமலையிலிருந்து செயற்கை நுண்ணறிவை அளத்தல்

செயற்கை நுண்ணறிவு யாருடைய வேலையைப் பறிக்கும் என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலும் பாதிப்புக் குறியீடுகளைக் கொண்டே விடை சொல்கிறார்கள். ஒரு தொழிலைச் சிறு சிறு பணிகளாகப் பிரித்து, அவற்றுள் எவற்றைக் கணினி செய்துவிடும் என மதிப்பிடுவது அம்முறை. 2024 ஜனவரியில் பன்னாட்டு நாணய நிதியம் வெளியிட்ட ஆய்வு, உலக வேலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இத்தொழில்நுட்பத்தின் வீச்சுக்குள் வருவதாகக் கணித்தது; வளர்ந்த நாடுகளில் அது 60, குறைந்த வருவாய் நாடுகளில் 26. இந்த அளவுகோலை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வைத்தால், மலை அபாயத்துக்கு வெளியே நிற்பதாகவே தெரியும். குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் காட்டில் களை வெட்டவும், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கவும் எந்த மென்பொருளும் வரப்போவதில்லை. ஆனால் இந்த ஆறுதலை நம்ப முடியாது. ஏன் என்பதை அம்மலையின் உழைப்பு வரலாறே காட்டுகிறது.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக உண்டது சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. இவற்றுள் சாமையை அரிசியாக்குவது கடும் உழைப்பு. காயவைத்த சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைத்து உமியை நீக்க வேண்டும். உமி விடாத மணிகளை மறுபடி உரலில் இட வேண்டும். மணி சிறியது, மேலுறை கெட்டி. அழுத்திக் குத்தினால் குருணையாகும், மெல்லக் குத்தினால் உமி நிற்கும். காட்டு வேலை முடித்து வந்த பெண்ணே இதையும் செய்தாள். இதற்குக் கூலி கிடையாது. அதனால் எந்தத் தொழிற்கணக்கிலும் இது வேலையாகப் பதிவாகவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் உமி நீக்கும் இயந்திரங்களை நிறுவி மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டபோது, அந்த இயந்திரம் ஒருவருடைய வருமானத்தையும் பறிக்கவில்லை. பறித்தது தோள்வலியை மட்டுமே.

இதே வகை இயந்திரம் சமவெளியில் வேறு விளைவைத் தந்திருந்தது. நெல் குத்திக் கூலி வாங்கிய பெண்களின் பிழைப்பை அரிசி ஆலைகள் அழித்தன. 1955-இல் கிராமத் தொழில்களை ஆராய்ந்த கார்வே குழு கைக்குத்தல் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது; 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த நடுவண் அரசு தனிச் சட்டமே இயற்றியது. ஆலைகள் நிற்கவில்லை. இரண்டு இடத்திலும் இயந்திரத்தின் திறன் ஒன்றே. குத்தியவளுக்குக் கூலி இருந்ததா, இயந்திரம் யார் வசம் இருந்தது என்ற இரண்டு மட்டுமே வேறு. 'கணினியால் இதைச் செய்ய முடியுமா' என்று கேட்கும் குறியீடுகள் இவ்விரண்டையும் கேட்பதே இல்லை.

தொலைவு அந்தக் குறியீடுகளின் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று. கொல்லிமலைச் சாமைக் காடுகளைச் சுருக்கியது மலைக்கு ஏறி வந்த எந்த இயந்திரமும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய ஜவ்வரிசியின் வரவு தடைப்பட, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவாகும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்த ஆலைகளின் தேவை மலையேறியபோது சாமை விளைந்த சரிவுகள் குச்சிக்கிழங்குக்குப் போயின. கைக்குப் பணம் வந்தது. குத்தும் வேலை குறைந்தது. தட்டில் ரேஷன் அரிசி ஏறியது. மலையின் வேலை முழுவதையும் மாற்றிய முடிவுகள் மலையடிவாரத்துக்கு அப்பால் எடுக்கப்பட்டவை. செயற்கை நுண்ணறிவும் இந்த வழியில்தான் வரும் என்பது என் வாதம்.

மலையில் படித்து முடிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி இறங்கிப் போய்த் தேடக்கூடிய அலுவலக வேலையின் முதற்படி எது? தரவு உள்ளீடு, அழைப்பு மையம், கணக்கெழுத்து. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2023 ஆய்வு மிகுந்த பாதிப்புக்குரியதாகச் சுட்டியது இந்த எழுத்தர் பணிகளையே. இவற்றுக்கு மாற்றாகச் சொல்லப்படுவது தரவுக் குறியீட்டுப் பணி. சிற்றூர்களுக்கு அதைக் கொண்டுசென்ற நிறுவனங்களில் நெக்ஸ்ட்வெல்த் ஒன்று. நாமக்கல் மாவட்டத்திலேயே, மல்லசமுத்திரத்தில், அதற்கு மையம் உண்டு. படத்தில் உள்ள பொருளைச் சுற்றிக் கோடு வரைந்து, அது இன்னது எனப் பெயரிட்டுக் கணினிக்குக் கற்பிப்பது இத்துறையின் அடிப்படை வேலை. ஊரைவிட்டு ஓடாமல் சம்பளம் பெற வழிசெய்த வேலை என்பதை மதிக்கிறேன்.

ஆனால் அதன் ஆயுள் பற்றிக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. படத்தில் உள்ள பொருள்களைத் தானே பிரித்துக் காட்டும் 'செக்மென்ட் எனிதிங்' என, 2023 ஏப்ரலில் மெட்டா வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரியின் உருவாக்கம் மூன்று கட்டமாக நடந்தது. முதற்கட்டத்தில் மனிதர்கள் மாதிரியின் துணையோடு பொருள்களைச் சுற்றி வரைந்தார்கள்; அவர்கள் வரைய வரைய மாதிரி தேறியது, ஒரு பொருளுக்கு ஆன நேரம் 34 விநாடியிலிருந்து 14 விநாடியாக இறங்கியது. அடுத்த கட்டத்தில் மாதிரி கண்டுகொள்ளாதவற்றை மட்டும் வரைந்தார்கள். மூன்றாவதில் மனிதக் கை தேவைப்படவில்லை. முடிவில் 1.1 கோடி படங்களில் 110 கோடி வரைவுகள், அவற்றுள் 99.1 விழுக்காடு தானியங்கியாக உருவானவை. கற்பித்தவரின் திறமை கற்றதனிடம் போய்ச் சேர்ந்தது. கற்பித்தவருக்கு வரைந்த நேரத்துக்கான ஊதியம் அன்றி வேறில்லை. உலக்கை பிடித்த பெண் அந்த உமி நீக்கும் இயந்திரத்தைக் குழுவாகத் தன் பொறுப்பில் வைத்திருந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுப்பு ஒன்று எழும்: பழைய வேலை போனால் புதியது பிறக்கும் என்பது. பிறக்கலாம். மலைக்கே நேரடிப் பயனும் உண்டு. தமிழில் பேசினால் விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கருவி வந்தால், சாதிச் சான்றிதழுக்காக மலைப்பாதையில் பேருந்துக்குக் காத்திருந்து இ-சேவை மையம் போகும் தாயின் ஒரு நாள் மிஞ்சும். குச்சிக்கிழங்கு இலையைக் கைப்பேசியில் படமெடுத்துத் தேமல் நோயை அடையாளம் காணும் செயலிகள் ஆப்பிரிக்க உழவர்களிடம் ஏற்கெனவே சென்றுள்ளன. வெள்ளை ஈ பரப்பும் அந்நோய் நம் காடுகளிலும் உண்டு. இவை உரலிலிருந்து கிடைத்த விடுதலையைப் போன்றவை. நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இந்த லாபம் அந்தத் தாய்க்கும் உழவருக்கும் சேர்வது. நட்டம் மல்லசமுத்திரத்தில் திரைமுன் அமர்ந்திருப்பவருக்கும் அவ்வேலையை எதிர்பார்த்துப் படிப்பவருக்கும் சேர்வது. வெவ்வேறு ஆட்களின் கணக்கை ஒன்றாகக் கூட்டி நிகர லாபம் என்று எழுதுவது நேர்மையான ஆய்வாகாது.

இந்த நட்டத்தைக் கணக்கில் கொண்டுவர அரசுக்கு வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2020-இல் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அதன் 'டீப்-மேக்ஸ்' மதிப்பெண் அட்டை ஓர் அமைப்பின் அறத்தையும் தனியுரிமையையும் தணிக்கைக்கு உட்படும் தன்மையையும் எடைபோடுகிறது. தரவை ஆக்கியவர்களின் உழைப்பு அதில் ஓர் அளவுகோலாக இல்லை. அரசு வாங்கும் ஒவ்வொரு தமிழ்ப் பேச்சு அமைப்புக்கும் அதன் தரவு எந்த ஊரில், எந்த ஊதியத்தில், எத்தனை பேரால் ஆக்கப்பட்டது என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். ஆட்குறைப்பு நேர்ந்தால் அவர்களுக்கு மறுபயிற்சிக் காலச் சம்பளம் தரவேண்டும் என்ற விதியையும் அங்கேயே எழுதலாம். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம்; கொள்முதல் விதிகளில் திருத்தம் போதும்.