அயலுறவில் ஒரு செனட்டரின் மனமாற்றம்

ஃபுல்பிரைட் என்னும் பெயர் நம் பல்கலைக்கழக வட்டாரங்களில், இந்தியாவும் அமெரிக்காவும் 1950-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகக் கிடைத்துவரும் உபகாரச் சம்பளத்தின் பெயராகவே பெரிதும் வழங்கி வருகிறது. அப்பெயருக்கு உரியவரான ஜேம்ஸ் வில்லியம் ஃபுல்பிரைட், 1959 முதல் 1974 வரை அமெரிக்கச் செனட் சபையின் அயலுறவுக் குழுவுக்குத் தலைவராக வீற்றிருந்து, தம் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ஜான்சனின் வியத்நாம் யுத்தக் கொள்கையையே பகிரங்கமாகக் கண்டித்தவர். யுத்த விஷயத்தில் ஜனாதிபதிக்கு எவ்வளவு அதிகாரம் தகும் என்பது பற்றி அவர் கொண்டிருந்த அபிப்பிராயம் தலைகீழாக மாறியதே அக்கண்டனத்துக்கு மூலகாரணம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1939-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தலைவராகி, 1941-இல் கவர்னர் ஆட்கின்ஸின் விரோதத்தால் அப்பதவியை இழந்த அவர், 1942-இல் பிரதிநிதிகள் சபைக்கும், 1944-இல் அதே ஆட்கின்ஸை உட்கட்சித் தேர்தலில் வென்று செனட் சபைக்கும் தேர்வுபெற்றார். உலக சமாதானத்தைக் காக்கச் சர்வதேச ஏற்பாடு ஒன்று வேண்டும் என்னும் 1943-ஆம் ஆண்டுத் தீர்மானமும், வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த யுத்தத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிவர்த்தனைக்குத் திருப்பிய 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் அவருடைய புகழை நிலைநாட்டின. கம்யூனிஸ்டுகளைத் தேடிய செனட்டர் மக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்கும் பிரேரணையை 1954-இல் தனியொருவராக எதிர்த்தார். கியூபாப் படையெடுப்பு தகாது என்று 1961-இல் ஜனாதிபதி கென்னடியிடம் முன்கூட்டியே எடுத்துரைத்தார். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் அரசியல் சாசனம் இருபதாம் நூற்றாண்டின் அயலுறவுக்குப் போதாது, ஜனாதிபதிக்கு அதிகாரம் இன்னும் மிகுதியாக வேண்டும் என்று கார்னெல் சட்ட இதழில் அவர் வாதித்ததும் அதே 1961-இல்தான்.

அந்நம்பிக்கை 1964 ஆகஸ்டில் பரீட்சைக்கு வந்தது. வியத்நாமை அடுத்த டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டன என்று கூறி படைபலப் பிரயோகத்துக்கு அனுமதி வேண்டி ஜான்சன் கோரிய தீர்மானத்தைச் செனட்டில் நிறைவேற்றித் தரும் பொறுப்பை ஃபுல்பிரைட்டே ஏற்றார். கெண்டக்கி செனட்டர் கூப்பர் எழுந்து, யுத்தத்தில் கொண்டுபோய் விடக்கூடிய படைபலத்தைப் பிரயோகிக்க ஜனாதிபதி தீர்மானித்தால் அதற்கும் இப்போதே அனுமதி தந்துவிடுகிறோமா என்று வினவ, தாம் அப்படியே பொருள் கொள்வதாக ஃபுல்பிரைட் ஒப்புக்கொண்டார். வரம்பு கட்ட விரும்பிய செனட்டர் நெல்சனின் திருத்தத்தையும் அவசியமில்லை என்று சமாதானம் கூறித் தவிர்த்தார். தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0 என்றும், செனட்டில் 88-க்கு 2 என்றும் நிறைவேறியது. எதிர்த்த இருவர் மோர்ஸும் குரூனிங்கும்.

1965-இல் டொமினிக்கன் குடியரசில் சேனை இறக்கியதற்கு அரசாங்கம் சொன்ன காரணங்கள் அவரது குழுவின் விசாரணையில் நிலைநிற்காமற்போகவே, அவர் செப்டம்பரில் நிகழ்த்திய கண்டனப் பேருரை ஜான்சனோடு இருந்த சிநேகத்தை முறித்தது. 1966 பிப்ரவரியில் வியத்நாம் பற்றி அவர் கூட்டிய விசாரணையை நாடெங்கும் மக்கள் தொலைக்காட்சியில் கண்டனர். ராஜதந்திரி கென்னன் சாட்சியம் அளித்த அன்று, ஸி.பி.எஸ். நிறுவனம் அதனை விடுத்துப் பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்புச் செய்ய, அதன் செய்திப் பிரிவின் தலைவர் ஃப்ரெண்ட்லி பதவியையே ராஜினாமாச் செய்தார் என்றால், அவ்விசாரணைக்கு அன்றிருந்த மதிப்பு விளங்கும். டோங்கின் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தாயிற்று. ஜனாதிபதியின் யுத்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம், ஜனாதிபதி நிக்சனின் மறுப்பையும் மீறி, 1973-இல் நிறைவேறியது.

இத்துணிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநிலத்தார் 1956-இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையொப்பமிட்டார். 1964-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தையும் எதிர்த்தே வாக்களித்தார். தூரதேசத்து யுத்தத்தைப் பற்றி ஜனாதிபதிக்கே அஞ்சாமல் பேசிய நா, சொந்த மாநிலத்து வாக்காளரின் துவேஷத்தின்முன் அடங்கிப் போயிற்று. 1974-இல் உட்கட்சித் தேர்தலில் கவர்னர் பம்பர்ஸிடம் தோற்று, அவர் சபையை விட்டு வெளியேறினார்.

ஜனாதிபதிக்காகப் பதில் சொல்வதே குழுத் தலைவரின் கடமை என்று 1964-இல் நடந்துகொண்டவர், பதினெட்டே மாதங்களில், ஜனாதிபதியின் மந்திரிகளைப் பதில் சொல்ல வைப்பதே அக்கடமை என்று உணர்ந்தார். கூப்பர் கேட்ட கேள்வியைத்தான் 1966-இல் அவரும் கேட்டார். அதற்குள் சேனை வியத்நாமில் இறங்கிவிட்டிருந்தது.