ஆறு அறை, அஞ்சு தோட்டா

லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லர் படிச்சவங்களுக்கும், 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' பார்த்துச் சிரிச்சவங்களுக்கும் இன்னிக்கு நாம பேசப் போற துப்பாக்கியோட உருவம் நல்லாவே தெரியும். வளைஞ்ச கைப்பிடி, நீளமான குழல், நடுவுல சுத்துற சிலிண்டர், பின்னாடி கட்டைவிரலால இழுக்குற சுத்தியல். கோல்ட் கம்பெனியோட 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வர். 1873-ல அமெரிக்க ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்துச்சு. இன்னிக்கும் அமெரிக்காவுல இதே பாணி ரிவால்வர் ஒண்ணை வாங்கி, தினமும் இடுப்புல வெச்சுக்கிட்டுப் போகணும்னு ஆசைப்படுறவங்க இருக்காங்க. எதை வாங்கலாம்னு ஆரம்பிச்சா குழல் நீளம், எடை, தோட்டா அளவுன்னு பேச்சு நீண்டுக்கிட்டே போகும். ஆனா 150 வருஷமா இதைச் சுத்தி இருக்குற முக்கியமான கேள்வி வேற. இது கை தவறிக் கீழே விழுந்தா என்ன ஆகும்?

முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். சிங்கிள் ஆக்‌ஷன்னா, ட்ரிக்கர் செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான்: இழுத்து நிறுத்தின சுத்தியலை விடுவிக்கிறது. சுத்தியலைப் பின்னாடி இழுக்குறதும், அது கூடவே சிலிண்டர் சுத்தி அடுத்த தோட்டா நேரா வர்றதும் உங்க கட்டைவிரல் செய்யுற வேலை. சுத்தியலோட மூக்குலயே ஒரு ஊசி இருக்கும். அந்த ஊசி தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்தினா வெடிக்கும்.

இப்போ சுத்தியல் இறங்கி இருக்குற நிலையை யோசிச்சுப் பாருங்க. ஆறு அறையும் நிரம்பி இருந்தா, ஊசி நேரா ஒரு உயிருள்ள தோட்டா மேல உக்காந்திருக்கும். அதைத் தடுக்க, சுத்தியலைக் கொஞ்சமா இழுத்தா மாட்டிக்கிற மாதிரி ஒரு சின்ன வெட்டு வெச்சிருந்தாங்க. அதுக்குப் பேரு பாதுகாப்பு வெட்டு. ஆனா துப்பாக்கி பின்பக்கமா விழுந்து சுத்தியல் தரையில அடிச்சா, ஒரு கிலோவுக்கு மேல இருக்குற மொத்த எடையும் அந்த மெல்லிசான உலோக நுனியில இறங்கும். அது உடைஞ்சா துப்பாக்கி வெடிக்கும்.

1876 ஜனவரி, கான்சாஸ் மாநிலத்துல விச்சிட்டா நகரம். ஒரு சலூனோட பின்னறையில ரெண்டு மூணு பேரோட உக்காந்திருந்தார் ஒரு போலீஸ்காரர். அவரோட ரிவால்வர் உறையில இருந்து நழுவி, சுத்தியல் நாற்காலியில பட்டு வெடிச்சுது. குண்டு அவர் கோட்டைத் துளைச்சு, சுவத்துல அடிச்சு, கூரை வழியா வெளியே போச்சு. யாருக்கும் அடி இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை இதைச் செய்தியாவே போட்டுச்சு. அந்தப் போலீஸ்காரர் பேரு வயாட் ஏர்ப். ஆமா, பின்னாடி ஹாலிவுட் தலையில தூக்கி வெச்சு ஆடின அதே வயாட் ஏர்ப்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அவர் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1931-ல ஸ்டூவர்ட் லேக் எழுதின வாழ்க்கை வரலாறு வந்துச்சு. அனுபவமுள்ளவன் ஆறு அறையில அஞ்சுலதான் தோட்டா போடுவான்னு அதுல ஏர்ப் பாடம் நடத்துற மாதிரி வரும். அந்தப் புத்தகத்துல ஏர்ப்போட குரல் எவ்வளவு, லேக்கோட கற்பனை எவ்வளவுன்னு வரலாற்று ஆட்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க. விதி மட்டும் உண்மை. ஒரு தோட்டா போடு, ஒரு அறையை விட்டுடு, நாலு போடு, சுத்தியலை முழுசா இழுத்து மெதுவா இறக்கு. காலி அறை சரியா சுத்தியலுக்குக் கீழே வந்து நிக்கும். நம்ம பாஷையில சொன்னா, பக்கை ஃபிக்ஸ் பண்ணாம டாக்குமென்டேஷன்ல ஒரு வரி சேர்த்தாச்சு.

சரி, அந்தக் காலத்துல தினமும் வெச்சுக்கிறதுக்கு எப்படித் தேர்ந்தெடுத்தாங்க? குதிரைப்படைக்குக் கொடுத்தது ஏழரை அங்குலக் குழல். ஊருக்குள்ள உக்காந்து எழுந்திருக்கிற ஆளுக்கு அது தொல்லை. அதனால நாலே முக்கால் அங்குலம் பிரபலமாச்சு. 1885 ஜூலையில டாட்ஜ் சிட்டியில இருந்து பேட் மாஸ்டர்சன் கோல்ட் கம்பெனிக்கு எழுதின ஆர்டர் கடிதம் இருக்கு. ட்ரிக்கர் ரொம்ப லேசா இருக்கணும், முன் குறி கொஞ்சம் உயரமா, தடிமனா இருக்கணும், குழல் குட்டையா இருக்கணும், நிக்கல் பூச்சு வேணும்னு கேக்குறார். புது லேப்டாப்புக்கு நாம கான்ஃபிகரேஷன் போடுற மாதிரியே இருக்கும். கோல்ட் இன்னொரு வசதியும் கொடுத்துச்சு: வின்செஸ்டர் ரைஃபிளுக்குப் போடுற அதே .44-40 தோட்டா போடுற மாடல். ரெண்டுக்கும் ஒரே சார்ஜர்.

படத்துல வர்ற மாதிரி எல்லாரும் தொடையில தொங்கவிட்டு ஊருக்குள்ள நடந்தாங்கன்னு நினைக்காதீங்க. அரிசோனாவுல டூம்ஸ்டோன் நகரத்துல 1881 ஏப்ரல்ல போட்ட சட்டப்படி, ஊருக்குள்ள ஆயுதம் வெச்சுக்கிட்டுத் திரியக் கூடாது. அதே வருஷம் அக்டோபர் 26-ம் தேதி, அந்தச் சட்டத்தைக் காட்டி ஆயுதத்தைப் பிடுங்கப் போன இடத்துலதான் ஓ.கே. கோரல் சண்டை வெடிச்சுது. மூணு பேர் செத்தாங்க. அன்னிக்குத் தன்னோட துப்பாக்கி ஓவர்கோட் பாக்கெட்ல இருந்துச்சுன்னு ஏர்ப்பே விசாரணையில சாட்சி சொல்லியிருக்கார்.

என்னை ரொம்ப உறுத்துற இடத்துக்கு இப்போ வர்றேன். இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு 1890-கள்லயே வந்துடுச்சு. ஐவர் ஜான்சன்னு ஒரு கம்பெனி, விலை குறைஞ்ச பாக்கெட் ரிவால்வர் செய்யுறவங்க. அவங்க சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவுல ஒரு இடைவெளி விட்டாங்க. ட்ரிக்கரை இழுத்தா மட்டும் ஒரு சின்னத் தகடு மேலே ஏறி அந்த இடைவெளியை நிரப்பும். சுத்தியல் தகட்டை அடிக்கும், தகடு ஊசியைத் தள்ளும். ட்ரிக்கரைத் தொடலைன்னா தகடு மேலே வராது, அடியும் ஊசிக்குப் போகாது. வேற ஒரு சுத்தியலை எடுத்து இதோட சுத்தியல் மேல ஓங்கி அடிங்க, வெடிக்காதுன்னு விளம்பரமே கொடுத்தாங்க. 1901-ல ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டது இந்தக் கம்பெனி ரிவால்வர்தான். தவறி வெடிக்கிறதைத்தான் தகடு தடுக்கும், வேணும்னே சுடுறவனை என்ன பண்ணும்!

ஆனா கௌபாய் ரிவால்வருக்கு அந்தத் தகடு வர இன்னும் எண்பது வருஷம் ஆச்சு.

கோல்ட் 1940-கள் தொடக்கத்துல சிங்கிள் ஆக்‌ஷனை நிறுத்திடுச்சு. அப்புறம் டிவி வந்துச்சு, வீட்டுக்கு வீடு வெஸ்டர்ன் ஓடுச்சு. ரூகர் கம்பெனி 1953-ல 'சிங்கிள் சிக்ஸ்', 1955-ல 'பிளாக்ஹாக்'னு இறக்கிச்சு. கூட்டத்தைப் பார்த்த கோல்ட் 1956-ல மறுபடி உற்பத்தியை ஆரம்பிச்சுது. பில் ரூகர் சாதாரண ஆள் இல்ல. அடிக்கடி உடையுற பழைய பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு சுருள் ஸ்பிரிங் போட்டவர். ஆனா சுத்தியல் வெட்டுகளை மட்டும் பழைய மாதிரியே விட்டுட்டார். வாங்குறவனுக்கு அந்தப் பழைய கிளிக், கிளிக் சத்தம்தானே வேணும்.

விலை கொடுத்தது யாரு? அலாஸ்காவுல ஒருத்தர் தன்னோட ரூகர்ல இருந்து தோட்டாவை வெளியே எடுத்துக்கிட்டு இருக்கும்போது அது வெடிச்சுக் காயம்பட்டார். இங்க அஞ்சு தோட்டா விதி உதவாது. தோட்டாவை எடுக்கணும்னா சுத்தியலைப் பாதி இழுத்து இன்னொரு வெட்டுல நிறுத்தி, சிலிண்டரைக் கையால சுத்தணும். அப்போ நிரம்பின அறை ஊசிக்கு நேரா வந்துதான் ஆகும். வழக்கு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1979-ல தீர்ப்பு வந்துச்சு. வெட்டு உடையலாம்கிற ஆபத்து கம்பெனி மேலிடத்துக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சியம் இருக்குன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. வடிவமைப்பை மாத்த ஆகுற கூடுதல் செலவும் அந்தத் தீர்ப்புல இருக்கு: ஒரு துப்பாக்கிக்கு 1.93 டாலர்.

தீர்ப்புக்கு முன்னாடியே, 1973-ல, ரூகர் அந்தத் தகட்டை வெச்சு 'நியூ மாடல்' கொண்டு வந்துடுச்சு. ஆறு தோட்டாவும் போடலாம். தோட்டா போடுற கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுத்தும், பாதி இழுக்குற வேலையே இல்லை. அந்தக் கிளிக் சத்தமும் போச்சு. உண்மையிலேயே இடுப்புல வெச்சுக்கிட்டு அலையப் போறவனுக்கு, என் கணக்குல, தேர்வு இந்த இடத்துலயே முடிஞ்சுடுது. குழல் நீளம் எல்லாம் அப்புறம்.

1982-ல இருந்து, பழைய ரூகரை அனுப்பினா தகடு மாட்டி இலவசமா மாத்தித் தர்றோம்னு கம்பெனி விளம்பரம் கொடுத்து வருது. மாத்தினதுக்கு அப்புறம், கழட்டின பழைய பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்பிடுறாங்க. அதுல ஒரு காரணம் இருக்கு. சேகரிப்பாளர்கள் சந்தையில, மாத்தாத பழைய ரூகருக்குத்தான் விலை அதிகம்.