நாகரபாவியிலிருந்து எங்கே? பெங்களூருச் சட்டப் பள்ளியும் பெருநிறுவன வேலையும்

பெங்களூரு நாகரபாவியில் உள்ள இந்திய தேசியச் சட்டப் பள்ளி, 1986ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமொன்றால் உருவானது. 1988இல் முதல் அணியைச் சேர்த்தது. சரிந்துகிடந்த சட்டக் கல்வியை ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பால் நிமிர்த்தி, நீதிமன்றங்களுக்கும் சட்ட உதவிக்கும் திறமானவர்களை அனுப்புவதே நிறுவன இயக்குநர் என்.ஆர். மாதவ மேனனின் நோக்கம். சமூகப் பொறுப்புணர்வை மாணவரிடம் வளர்ப்பது அந்தச் சட்டத்திலேயே குறிக்கோளாக எழுதப்பட்டிருக்கிறது.

முதல் அணி பட்டம் பெற்றது 1993இல். இடையில் 1991 வந்துவிட்டது. அந்நிய முதலீட்டுக்கும் கூட்டு முயற்சிகளுக்கும் பிழையற ஒப்பந்தம் வரையத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். வேறொரு நோக்கத்துக்காகப் பயின்ற இளைஞர்கள் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தினர். ஆனால் 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரு கூட்டாண்மையில் 20 பங்குதாரர்களுக்கு மேல் இருக்க இயலாது. 2008இல் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் அந்த உச்சவரம்பைக் கடக்க வழிவிட்டது. (நீதிமன்றப் படியேறாத இந்தச் சட்டப் பணியாளரையும் தமிழ் 'வழக்கறிஞர்' என்றே அழைக்கிறது; வழக்கே இல்லாத வழக்கறிஞர்!)

இதைக் கொள்கைத் துரோகம் என்று முடித்துவிடுவது எளிது. எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மூத்த வழக்கறிஞரிடம் சேரும் இளையவருக்கு ஊதியம் என்று உறுதியாக எதுவுமில்லை. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2024இல்தான்.

மாற்றுப் பாதைகளும் இதே பள்ளியிலிருந்து கிளம்பின. அரவிந்த் நாராயண், லாரன்ஸ் லியாங் உள்ளிட்ட முன்னாள் மாணவர்கள் 2000இல் பெங்களூரில் மாற்றுச் சட்ட மன்றத்தைத் தொடங்கினர்; 377ஆம் பிரிவுக்கு எதிரான வழக்குகளில் அதற்குப் பங்குண்டு. அதே பிரிவை எதிர்த்து 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய மேனகா குருசாமி, முன்னர் நியூயார்க்கின் பெருநிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். ஆக, இரு பாதைகளுக்கும் இடையில் சுவர் எழுப்புவது சரியன்று.

யாரால் அப்படித் திரும்பிவர முடிகிறது என்பதே உண்மையான கேள்வி. தேசியச் சட்டப் பள்ளிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆண்டுக் கட்டணம் இலட்சங்களில். இதே பள்ளியின் முன்னாள் மாணவரான ஷம்நாத் பஷீர், எளிய குடும்பத்துப் பிள்ளைகளை இவற்றுக்குள் கொண்டுவர 2010இல் ஐடியா அமைப்பைத் தொடங்கினார். கல்விக் கடனோடு வெளியேறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பெருநிறுவனச் சம்பளம் பேராசை அன்று; கடன் தவணை. சென்னையிலோ பெங்களூரிலோ வீடுள்ள வகுப்புத் தோழர், நீதிமன்றத்தில் மூன்றாண்டு காத்திருக்கலாம்.