முன்பணமும் முகதாட்சண்யமும்: மும்பையில் வேலை மாறியவர்களின் வரலாறு

பார்த்த வேலையை விட்டு நல்ல வேலைக்குப் போவது மும்பையில் ஒரு காலத்தில் சிறைக்குப் போகக்கூடிய குற்றமாக இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் தொழிலதிபர்களுக்காக இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் போய்விட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லது வேலையை முடித்துத் தர வேண்டும் என்று உத்தரவாகும். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிடும் முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு தண்டனை கிடையாது. 1925இல் இது ரத்து செய்யப்படும்வரை, முன்பணம் கைமாறிய இடங்களில் எல்லாம் வேலை மாறுவது ஏமாற்று வேலையாகவே பார்க்கப்பட்டது. வேலையை விடுகிறவர் இன்றும் குற்றவாளிபோலக் குறுகி நிற்பதில் அந்தச் சட்டத்தின் மிச்சம் இருக்கிறது.

பஞ்சாலைகளில் ஆளைக் கட்டிவைக்கும் இதே காரியம் வேறு வழியில் நடந்தது. உழைத்து முடித்த மாதத்தின் சம்பளத்தை ஆலைகள் உடனே கொடுப்பதில்லை. அடுத்த மாதம் பாதி கழியும்வரைகூடப் பிடித்து வைத்திருக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தக் கூலி போய்விடும். ஆகவே தொழிலாளி எந்த நாளில் விலகினாலும் அவருடைய பணம் கொஞ்சம் ஆலையின் கையில் இருந்தது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம்தான் இதற்குக் கெடு வைத்தது. ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலைகள் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள்ளும், பெரிய ஆலைகள் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் தந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

தமிழர்களின் அனுபவத்தில் சட்டத்தைவிட ஆழமாகப் பதிந்தது ஆள்வழி வந்த கட்டு. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் வந்தார்கள். முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவருக்கு வழிச்செலவு கொடுத்தார், தங்க இடம் கொடுத்தார், வேலைக்கும் சொல்லிவைத்தார். இப்படிச் சேர்ந்தவர் ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டால், பேச்சுக் கேட்க வேண்டியவர் அவரைச் சேர்த்துவிட்டவர். செய்தி ஊருக்கும் போய்ச் சேரும்.

மாட்டுங்காவில் இந்தக் கட்டு இன்னும் நுட்பமானது. நகரமேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய தாதர்–மாட்டுங்கா பகுதியில், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பெருகின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1942இல் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் தொடங்கியது. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் தேறிய இளைஞர் ரயிலேறி வருவார். மெஸ்ஸில் சாப்பிடுவார், உறவுக்காரர் அறையில் படுப்பார். ஹெட்கிளார்க்காக இருக்கும் மாமாவோ ஊர்க்கார அண்ணாவோ தன் துரையிடம் சொல்லி வேலை வாங்கித் தருவார். அந்த வேலையை விடுவது மாமாவின் சொல்லுக்குத் துரையிடம் இருந்த மதிப்பைச் செலவழிப்பதாகும். அடுத்த பையனுக்காக அவர் இன்னொருமுறை வாய் திறக்க முடியாமல் போகலாம். உப்பிட்டவரை நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. காலியாகும் நாற்காலிக்குத் தம்பியையோ மருமகனையோ கொண்டுவந்து உட்காரவைப்பது பலர் கண்ட பரிகாரம். துரைக்கு ஆள் குறையவில்லை, மாமாவின் பேரும் கெடவில்லை. ஆனால் வெளியே நின்று வேலை தேடியவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. 1966இல் சிவசேனை தென்னிந்தியக் குமாஸ்தாக்களுக்கு எதிராகக் கிளம்பியபோது, அதன் தலைவர் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. அந்த எதிர்ப்பில் நடந்த வன்முறைக்கு நியாயம் எதுவும் இல்லை. என்றாலும் நன்றிக்கடனாக நடந்த ஏற்பாடு பிறர் கண்ணில் எப்படித் தெரிந்தது என்பதை அந்தப் பட்டியல்கள் காட்டின.

விலகல் நீதிமன்றப் படியேறிய பெரிய வழக்கும் இதே காலத்தது. மும்பையை அடுத்த கல்யாணில் செஞ்சுரி நிறுவனத்தின் ரேயான் ஆலை, வெளிநாட்டு நிறுவனங்களிடம் தொழில்நுட்பம் பெற்று டயர்களுக்கான நூலிழை தயாரித்தது. அங்கே ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளர் 1963இல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். பயிற்சி பெற்றபின் 1964 இறுதியில் விலகி, அதே தொழிலில் இறங்கியிருந்த கோட்டா நகர ஆலை ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பழைய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1967 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டி நிறுவனத்தில் அதே வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு முரணானதல்ல. பழைய ஆலையில் போய் வேலை செய் என்று அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைகளை அதே 27ஆம் பிரிவு செல்லாதவை ஆக்குகிறது. 1859இன் சட்டம் ஆளையே கட்டியது. 1967இன் தீர்ப்பு தடுத்தது போட்டி நிறுவனத்தில் அவர் அதே வேலை செய்வதை, அதுவும் குறித்த காலத்துக்கு.

செம்பூரில் குடியேறிய அடுத்த தலைமுறைக்கு எதிரே வேறு வகை முதலாளிகள் இருந்தார்கள். 1954–55இல் பக்கத்து டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அணுசக்தி நிலையமும் அப்போதுதான் உருவானது. இங்கே வேலைக்கு விண்ணப்பமும் தேர்வும் இருந்தன. மாமாவின் சொல்லுக்கு முன்பிருந்த எடை குறைந்தது. மனிதர் வைத்திருந்த பிடியைக் கணக்கு எடுத்துக்கொண்டது. 1952இன் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் 1972இன் பணிக்கொடைச் சட்டமும் நீண்ட பணிக்குப் பலன் வைத்தன. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. அது முதலாளியின் அன்பளிப்பல்ல, உழைத்துச் சம்பாதித்தது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே ஒரு சலவை நிறுவன வழக்கில் கூறியிருந்தது. விலகுகிறவருக்கு இதைவிடத் தெம்பளித்த வாசகம் அதுவரை வந்ததில்லை எனலாம். 1973க்குப் பிறகு வளைகுடா நாடுகள் வெல்டரையும் பிட்டரையும் தேடி மும்பைக்கு ஆளனுப்பியபோது, அந்தச் சம்பளத்தின் முன் பழைய தயக்கங்கள் பல நிற்கவில்லை.

ஆனால் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையைத் தொடவில்லை. 1971இல் பாந்த்ரா இறைச்சிக்கூடம் தேவநாருக்கு மாறியபின் தாராவியில் தோல் பதனிடுவது படிப்படியாக ஒடுங்கியது. பை, பெல்ட், ஆயத்த ஆடை தைக்கும் சிறு பட்டறைகள் பெருகின. அவற்றில் பலவற்றில் ஒப்பந்தத் தாளும் கிடையாது, நோட்டீசும் கிடையாது. முன்பணம் மட்டும் தொடர்கிறது. கடனைக் காட்டி ஆளை அடைத்துவைப்பதை 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடைசெய்கிறது. என்றாலும் வாங்கிய பணம் பாக்கியிருக்க, முதலாளி முகத்தைப் பார்த்து வேலையை விடுகிறேன் என்று சொல்லப் பலருக்கு வாய் வருவதில்லை. அவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள்; திரும்பி வந்து வேறு சந்தில், வேறு பட்டறையில் சேர்ந்துகொள்கிறார்கள்.