மானாமதுரையில் திறந்த டிரங்குப் பெட்டி



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் (அவருக்கே இப்போது ரிட்டயர்மென்ட் வயது) ஆளவந்தார் கொலை வழக்கு பற்றிய ஒரு யூடியூப் காணொளியை அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்டிருந்தார். நிஜம்தான். ஆனால் காணொளியில் முக்கால்வாசி நேரம் கள்ளக்காதலும் கத்தியும்தான். அந்தப் பகுதியை ஊரே எழுபது வருடமாகப் பேசித் தீர்த்துவிட்டது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு விஷயம்: பெயரில்லாத ஓர் உடலுக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது?

முதலில் ஒரு உள்ளூர்ச் செய்தி. அந்த உடல் இருந்த பெட்டி நம் செங்கல்பட்டு ஜங்ஷன் வழியாகத்தான் போனது. 1952 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இரவு, எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயிலில், மூன்றாம் வகுப்பில், ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. வண்டி கொளவாய் ஏரியை ஒட்டி வந்து, நம் ஸ்டேஷனில் நின்று, தெற்கே போயிருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது.

போட் மெயில் என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இதுதான் இலங்கைக்குப் போகும் வழி. பெட்டியை ஏற்றியவர் ஏன் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் மறுநாளே நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்தார்கள். மானாமதுரையில் ரயில்வே போலீசார் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆண் உடல்.

தலை இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. சுன்னத் செய்யப்பட்ட உடல் என்பதால் இறந்தவர் முஸ்லிமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். அதை மட்டும் நம்பித் தேடியிருந்தால் வழக்கு எங்கேயோ போயிருக்கும்.

இதே நேரத்தில் சென்னையில் ஒரு பெண் தன் கணவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையை ஒட்டி வியாபாரம் செய்துவந்தார். 28-ஆம் தேதி போனவர் வீடு திரும்பவில்லை. மனைவி கடைக்குப் போய் விசாரித்தார். கடைசியாக யாரைப் பார்க்கப் போனார் என்று தெரிந்துகொண்டு ராயபுரத்தில் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டார். வரவில்லை என்று பதில். நேராகப் போலீசில் புகார் கொடுத்தார். கணவர் எப்படிப்பட்டவர் என்று ஊர் பிற்பாடு ஆயிரம் பேசியது. இந்த அம்மாள் அலைந்த அலைச்சலைப் பற்றி எந்தக் காணொளியிலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நான் கேட்டதில்லை.

சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது, பழுப்புச் சட்டையில் சுற்றியபடி. கடலில் போட்டால் போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள். என்னிடம் பூகோளம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. எதையும் நேராக உள்ளே இழுத்துப் போவதை விட, கரையோரமாகவே உருட்டிக்கொண்டு போவதுதான் இந்தக் கடலின் குணம். மாமல்லபுரம் முதல் ராயபுரம் வரை கரையில் வாழ்பவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும்.

மானாமதுரை உடலையும் ராயபுரம் தலையையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவைத்துப் பரிசோதித்தவர் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன். இரண்டும் ஒருவருடையதே, வயது 42-லிருந்து 45-க்குள் என்றார். ஒரு கோரைப்பல் பக்கத்துப் பல்மேல் ஏறியிருந்தது. காதில் இரண்டு துளைகள். மனைவி அடையாளம் சொன்னார். அதற்கும் மேலாக, ராணுவத்தில் சேர்ந்தபோது பதிந்த கைரேகை இந்த உடலின் கைரேகையோடு ஒத்துப்போனது. கைரேகைக்கென்று கல்கத்தாவில் தனி அலுவலகம் தொடங்கிய ஆண்டு 1897. அதன் பலன் அரை நூற்றாண்டு கழித்து ஒரு பேனா வியாபாரிக்குப் பெயரைத் திருப்பித் தந்தது.

வழக்கு 1953-ல் நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் கோவிந்த் சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியின் அண்ணன். நீதிபதி ஏ. எஸ். பி. அய்யர், ஐ.சி.எஸ். ஜூரிகள் குற்றவாளிகள் என்று சொல்ல, கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு தண்டனை. குறைவான தண்டனை என்று அன்றைக்கே விவாதம் நடந்தது. தண்டனை முடிந்து எங்கோ வாழ்ந்தவர்களின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இங்கே உடல் முதலில் வந்தது, பெயர் பிறகு வந்தது. இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கியது. 2016 ஜூலை 22 காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என்.-32 விமானம் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள் 8 பேரும் அதில் அடக்கம். கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் ராடாரிலிருந்து மறைந்தது. கப்பல், விமானம், நீர்மூழ்கி எல்லாம் போய்த் தேடின. செப்டம்பரில், இறந்துவிட்டதாகவே கருத வேண்டியிருக்கிறது என்று குடும்பங்களுக்குச் சொன்னார்கள். 29 பெயர்கள் இருந்தன, ஓர் உடல்கூட இல்லை.

இப்படி அரசே சொல்லாத சாதாரணக் குடும்பத்தில் ஒருவர் காணாமல் போனால் என்ன ஆகும்? ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 111. அதுவரை பென்ஷன், பட்டா, இன்ஷூரன்ஸ் எல்லாமே இழுபறிதான். நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் ஏழு வருடம் இருப்பதைச் சட்டப் புத்தகம் எழுதாது.

ஏ.என்.-32 விஷயத்தில் ஏழரை வருடம் கழிந்தது. 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் எடுத்தது. டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். எவ்வளவு ஆழம் என்று அதிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவில்லை, எனவே இது அதுவாக இருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. 1968 பிப்ரவரி 7-ல் சண்டிகரிலிருந்து லே போன ஏ.என்.-12 விமானம் 102 பேரோடு இமயத்தில் மறைந்தது. 2003-ல் அதன் துண்டுகளைக் கண்டவர்கள் மலையேறப் போனவர்கள்தான். 2024-ல் பனியிலிருந்து இன்னும் நான்கு உடல்கள் கிடைத்தன. அதில் கேரளத்து இளைஞர் ஒருவர். 56 வருடம் கழித்துப் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ 1952-ல் செங்கல்பட்டு ஜங்ஷனில் வேலை பார்த்திருந்தால், அல்லது அந்த இரவு போட் மெயிலில் பயணம் செய்ததாகச் சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் பழைய எஸ்.ஐ.ஆர். ரயில்வே கால அட்டவணை இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள். அன்றைக்கு போட் மெயில் நம் ஊரில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று பார்க்க வேண்டும்.