சேலம் போதகரின் மகன்

அம்பத்தூர்க்காரர்கள் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குத்தான் வீட்டுவரி கட்டுகிறார்கள். 1688 செப்டம்பர் 29 அன்று அந்த மாநகராட்சி தொடங்கியபோது மேயராகப் பொறுப்பேற்றவர் நத்தானியேல் ஹிக்கின்சன். அமெரிக்காவில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். தந்தை ஜான் ஹிக்கின்சன் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரின் போதகர் (மாம்பழச் சேலம் அல்ல). தாத்தா பிரான்சிஸும் 1629இல் அங்கே போய் இறங்கிய போதகர்தான்.

பியூரிட்டன் குடும்பம். இங்கிலாந்துத் திருச்சபையில் ஒட்டிக்கொண்டிருந்த கத்தோலிக்கச் சடங்குகளைக் களையச் சொல்லி மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். கடல் தாண்டித் தனி ஊர் கண்டதும் அந்தப் பிடிவாதத்தையே சட்டமாக்கினார்கள். 1631 முதல் மாசசூசெட்ஸில் சபை உறுப்பினரான ஆண்களுக்குத்தான் ஓட்டு. குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினருக்குச் சவுக்கடி விழுந்தது. பாஸ்டனில் நான்கு பேரைத் தூக்கிலேயே போட்டார்கள். 1691இல் வந்த புதிய சாசனம் ஓட்டைச் சபையிடமிருந்து பிடுங்கிச் சொத்தோடு முடிச்சுப் போட்டது.

பழைய பிடி நழுவிய அந்த நேரத்தில்தான், 1692இல், சேலத்தில் சூனிய வழக்குகள் வெடித்தன. 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். விசாரணைக்கு உட்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவர் மேல் பாறாங்கற்களை ஏற்றிக் கொன்றார்கள். போதகர் வீடும் தப்பவில்லை. நத்தானியேலின் சகோதரி ஆன் டாலிவரைச் சூனியக்காரி என்று பிடித்துப் போனார்கள். உயிர் மட்டும் மிஞ்சியது. அதே ஆண்டு அக்டோபரில் நத்தானியேல் இங்கே சென்னையில் எலிஹு யேலுக்குப் பின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னரானார்.

முன்பு அவர் மேயராக இருந்த மாநகராட்சி மன்றத்தில் ஆல்டர்மென் எனப்பட்ட உறுப்பினர்கள் 12 பேர். ஆலங்காத்தா பிள்ளை, சின்ன வேங்கடாத்ரி போன்ற இந்து வணிகர்கள், யூத வியாபாரிகள், போர்ச்சுக்கீசியர் எல்லோரும் அதில் உண்டு. பழைய சேலத்தில் இவர்களுக்கு ஓட்டுகூடக் கிடைத்திருக்காது. இதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெருந்தன்மை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்த ஜோசையா சைல்டு போட்டது வரிக் கணக்கு. கம்பெனி விதித்த வரிக்கு ஊரார் முரண்டு பிடித்தார்கள். அவர்களில் பெரிய மனிதர்களையே மன்றத்தில் உட்கார வைத்தால் பணம் தானாக வரும் என்று நினைத்தார். மதம் பார்க்காத அந்தச் சென்னை நிறம் பார்த்தது: கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம்.

ஹிக்கின்சன் சில மாதங்கள்தான் மேயர். கவர்னராக 1698 வரை நீடித்தார். சேலத்துக்கு அவர் திரும்பவே இல்லை. 1708இல் லண்டனில் இறந்தார். அதே ஆண்டு சேலத்தில் தந்தையும் போய்ச் சேர்ந்தார். 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றையும் நத்தானியேல் முகலாயரிடமிருந்து கம்பெனிக்கு வாங்கித் தந்த கதை அடுத்த வாரம்.